பாடப்புத்தகத்துக்கு வெளியே சில நாகரிகங்கள்

பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு நான்கு பெயர்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும்: எகிப்து, மெசபடோமியா, சிந்துவெளி, சீனா. நான்குக்கும் ஆறு உண்டு, 'பொருத்துக' பகுதியில் மதிப்பெண்ணும் உண்டு. அப்புறம் கிரேக்கம், ரோம். ஆர்வமுள்ளவர்கள் மாயா, இன்கா வரைக்கும் போவார்கள். அதோடு பட்டியல் முடிந்துவிடும்.

பட்டியலில் தப்பு ஒன்றுமில்லை. அவ்வளவுதான் உலகம் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். கீசாவில் குஃபு மன்னரின் பிரமிடு எழுந்த அதே நூற்றாண்டுகளில் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுப் பாலைவனத்திலும் பிரமிடுகள் எழுந்துகொண்டிருந்தன. எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில் இருந்த ஓர் அரசு பிற்காலத்தில் எகிப்தையே பிடித்து ஆண்டது. உக்ரைனில் அதற்கெல்லாம் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட ஊர்கள் இருந்தன.

இவர்கள் அதிகம் பேசப்படாததற்கும் இவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சிலருக்கு எழுத்து இல்லை. சிலருடைய எழுத்து இருக்கிறது, பொருள் விளங்கவில்லை. சிலருடைய கதையை எதிரிகள்தான் எழுதிவைத்தார்கள். ஓர் இடத்தில் மண்ணைத் தோண்டிய அறிஞரே கண்ணெதிரே கிடந்ததை நம்ப மறுத்தார். ஒரு நாகரிகம் பிரபலமாவதும் ஆகாமல் போவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணங்களால்தான் என்பது என் கருத்து.

முதலில், நாகரிகம் என்று எதைச் சொல்கிறோம்? தொல்லியலாளர் வி. கோர்டன் சைல்டு 1950-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பத்து அடையாளங்களைச் சொன்னார். பெரிய ஊர்கள், உழவைத் தவிர வேறு தொழிலில் முழுநேரமும் இருப்பவர்கள், உபரி விளைச்சலை வரியாகவோ காணிக்கையாகவோ திரட்டும் ஏற்பாடு, பிரம்மாண்டமான பொதுக் கட்டடங்கள், ஆளும் கூட்டம், எழுத்து, கணக்கும் வானியலும், தனக்கென்று ஒரு பாணியுள்ள கலை, தொலைதூர வணிகம், ரத்த உறவைத் தாண்டிய அரசு. தொடக்கநிலை வாசகருக்கு இன்றும் உதவுகிற பட்டியல்தான். ஆனால் பத்தும் இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்தால் முக்கியமான பலர் வெளியே நின்றுவிடுவார்கள். அப்படி வெளியே நிற்கும் முதல் ஆள், பெருவின் கரால்.

லிமா நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் சூப்பே என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. பசிபிக் கரையிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் உள்ளே, மழையே பார்க்காத மண்ணில், குன்றுகள் மாதிரி சில மேடுகள் நின்றன. அவை குன்றுகள் இல்லை என்று முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். ஆனால் அங்கே பானை ஓடு கிடைக்கவில்லை, தங்கமும் இல்லை. அதனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1994-ல் பெருவைச் சேர்ந்த தொல்லியலாளர் ரூத் ஷாடி அங்கே வேலையைத் தொடங்கினார். பானை ஓடு இல்லை என்பதையே அவர் துப்பாக எடுத்துக்கொண்டார். பானை வனையத் தெரிவதற்கு முன்பே கட்டப்பட்ட ஊராக இருந்தால்?

அப்படியே ஆயிற்று. காலத்தைக் கணித்த விதம் அழகானது. கரால் மக்கள் பிரமிடின் உட்பகுதியை நிரப்ப, நாணலைப் பின்னிப் பை செய்து, அதில் கல்லைப் போட்டு, பையோடு சேர்த்தே அடுக்கியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் வெங்காயம் கட்டி வரும் வலைப்பையைக் கற்களோடு கற்பனை செய்துகொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். இதற்கு ஷிக்ரா என்று பெயர். கல்லின் வயதை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முடியாது. நாணலின் வயதைச் சொல்லலாம். உயிரோடிருக்கும் தாவரம் காற்றிலிருந்து கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அறுத்ததும் அது நின்றுபோய், உள்ளே இருப்பது ஒரு நிதானமான கணக்கில் குறைய ஆரம்பிக்கும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது அறுத்தார்கள் என்று தெரிந்துவிடும். மரத்துண்டு என்றால், நூறு வருடப் பழைய மரத்தை எடுத்துப் போட்டிருக்கலாமே என்ற சந்தேகம் வரும். நாணலை அறுத்த சூட்டோடு பின்னிவிடுவார்கள், அதனால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. கிடைத்த விடை கி.மு. 2627-ஐ ஒட்டிய காலம். 2001-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானபோது அமெரிக்கக் கண்டங்களின் வரலாற்றையே பல நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

இந்தப் பைகளில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரு நிலநடுக்கப் பூமி. பையில் கட்டிய கற்கள் குலுங்கினாலும் சரிந்து வெளியே தள்ளாமல் இருந்த இடத்திலேயே அமர்ந்துகொள்ளும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரிய பிரமிடின் அடி ஏறக்குறைய 150 மீட்டர் அகலம், உயரம் 18 மீட்டர். முன்னால் தரைக்குக் கீழே இறங்கும் வட்டமான ஒரு முற்றம். இப்படிப் பெரிய கட்டடங்களே ஆறு.

இவ்வளவு பேருக்கும் சாப்பாடு எங்கிருந்து வந்தது? இதுதான் கராலில் எனக்குப் பிடித்த பகுதி. உள்நாட்டு ஊரின் குப்பையில் நெத்திலி, மத்தி எலும்புகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. பெருவின் கடல் குளிர்ந்த நீரோட்டத்தால் மீன் கொழிக்கும் கடல். கரையில் ஆஸ்பெரோ போன்ற மீனவ ஊர்கள். மீனவருக்கு வலை வேண்டும், வலைக்குப் பருத்தி நூல் வேண்டும், மிதவைக்குச் சுரைக்குடுக்கை வேண்டும். இரண்டும் ஆற்றுப் பாசனத்தில் உள்ளே விளைந்தன. ஆக, கடற்கரை மீனைக் கொடுத்தது, பள்ளத்தாக்கு பருத்தியைக் கொடுத்தது. நெல், கோதுமை மாதிரி ஒரு தானியம் இல்லாமல் நாகரிகம் எழாது என்ற பழைய நம்பிக்கையை இது ஆட்டிவைத்தது. பெருவில் நாகரிகத்துக்கு அடித்தளம் கடல்தான் என்று மைக்கேல் மோஸ்லி 1975-லேயே எழுதியிருந்தார். பிற்பாடு அந்தப் பகுதியில் மக்காச்சோள மகரந்தமும் மாவுத்துகளும் கிடைத்ததால், தானியத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று வேறொரு குழு வாதாடுகிறது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

எழுத்து இல்லை. ஆனால் முடிச்சுப் போட்ட கயிற்றுக் கொத்து ஒன்று கிடைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து இன்கா அரசு கணக்கு வைத்துக்கொண்ட கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளின் மூதாதையாக அது இருக்கலாம். பெலிக்கன், காண்டோர் பறவை எலும்பில் செய்த 32 புல்லாங்குழல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. கோட்டைச் சுவர் இல்லை, போர்க் கருவிகளும் தட்டுப்படவில்லை. இதை வைத்து 'சண்டையே போடாத சமாதான நாகரிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆயுதம் கிடைக்கவில்லை என்பதும் சண்டையே நடக்கவில்லை என்பதும் ஒன்றாகிவிடாது. போரை மையமாக வைத்து அந்த ஊர் கட்டப்படவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நியாயம்.

கி.மு. 1800 வாக்கில் கரால் கைவிடப்பட்டது. வறட்சி, நிலநடுக்கம், எல் நினோ வெள்ளம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அதே சூப்பே பள்ளத்தாக்கில் பெனிகோ என்ற பழைய நகரத்தை 2025 ஜூலையில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அதன் காலம் கி.மு. 1800-க்கும் 1500-க்கும் இடையில். கராலைவிட்டுப் போனவர்களின் தொடர்ச்சி அங்கே தெரிகிறது என்கிறது ரூத் ஷாடியின் குழு.

சரி, இப்போது ஆப்பிரிக்கா. சூடானில் பிரமிடு இருக்கிறது என்று சொன்னாலே பலர் நம்புவதில்லை. அங்கே இருநூறுக்கு மேல் இருக்கின்றன, எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம். கீசாவில் உள்ளவற்றைவிடச் சின்னவை, ஒடுக்கமான அடியோடு செங்குத்தாக எழுபவை. கட்டியவர்கள் குஷ் அரசர்கள், அரசிகள். ஆனால் குஷ்ஷின் கதை பிரமிடுகளுக்கு ரொம்பக் காலம் முன்பே, நைல் கரையில் கெர்மா என்ற நகரத்தில், கி.மு. 2500 அளவில் தொடங்குகிறது. நகரின் நடுவே சுடாத மண் செங்கல்லால் கட்டிய டெஃபுஃபா என்ற கோயில் இன்றும் சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பக்கத்தில் வட்டமான பெரிய பெரிய ஈமமேடுகள். ஒரு மேட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கான மாட்டுத் தலைகளைக் கொம்போடு அடுக்கியிருந்தார்கள்.

இதை முதலில் பெரிய அளவில் தோண்டியவர் அமெரிக்கரான ஜார்ஜ் ரைஸ்னர், 1913 முதல் 1916 வரை. சாதாரண ஆள் இல்லை. ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கில், எந்த மூலையில் கிடைத்தது என்று குறித்துவைத்த மிகக் கறாரான தொல்லியலாளர். ஓர் ஈமமேட்டில் அவருக்கு ஓர் எகிப்திய ஆளுநரின் சிலையும், செனுவி என்ற அவர் மனைவியின் அருமையான கற்சிலையும் கிடைத்தன. உடனே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்: இது எகிப்தியர்களின் காவற்படை முகாம், இந்த மேட்டில் புதைக்கப்பட்டவர் அந்த எகிப்திய ஆளுநர். உள்ளூர் ஆப்பிரிக்கர்கள் இவ்வளவு பெரிதாக ஒன்றைக் கட்டியிருப்பார்கள் என்பது அந்தக் காலத்து மேற்கத்திய அறிஞர்களின் மனதில் ஏறவே இல்லை.

அந்த ஆளுநருக்கு எகிப்தின் அசியூத்தில் சொந்தக் கல்லறை இருக்கிறது. கெர்மா மேடுகளோ அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. அப்படியானால் சிலை எப்படி வந்தது? கெர்மா அரசர்கள் எகிப்துக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! எகிப்தின் எல்காப் என்ற ஊரில் ஓர் ஆளுநரின் கல்லறையில், குஷ் படை பெரிதாகப் படையெடுத்து வந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. 2003-ல் அது வெளியுலகுக்குத் தெரிந்தபோது இந்த விளக்கம் இன்னும் வலுவானது. எகிப்திய அரசர்கள் தங்கள் வெற்றிகளை மட்டும் சுவர் சுவராகச் செதுக்கிவைத்தார்கள், தோல்வியைப் பற்றி மூச்சு விடவில்லை. சான்று அதே சிலைகள்தான்: ரைஸ்னர் அவற்றில் அடிமைத்தனத்தைப் பார்த்தார், பின்னால் வந்தவர்கள் வெற்றிச் சின்னத்தைப் பார்த்தார்கள். சுவிஸ் தொல்லியலாளர் சார்ல்ஸ் பொனே பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்து, கெர்மா தன் காலில் நின்ற ஒரு தலைநகரம் என்பதை நிறுவினார்.

கி.மு. 1500 அளவில் எகிப்து கெர்மாவை வீழ்த்தியது. ஆனால் குஷ் திரும்பி வந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் பியே என்ற குஷ் மன்னர் எகிப்தைப் பிடித்தார். எகிப்தின் 25-ஆம் அரசமரபு என்று வரலாற்றில் வருவது இவர்கள்தான். அசீரியர்கள் வந்து விரட்டும்வரை, நூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆண்டார்கள். அப்புறம் மெரோயே தலைநகரமானது. அங்கே பெண்கள் ஆட்சியில் இருந்திருக்கிறார்கள், பட்டம் கந்தாகே. தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

கி.மு. 25-ஐ ஒட்டி இவர்கள் ரோமாபுரியோடு மோதினார்கள். எல்லை ஊர்களில் இருந்த அகஸ்டஸ் பேரரசரின் சிலைகளைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள் என்று கிரேக்கர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 1910-ல் மெரோயேயில் ஒரு கோயிலின் வாசற்படிக்குக் கீழே தோண்டியபோது அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ரோமப் பேரரசரின் தலையை மிதித்துக்கொண்டு போக வேண்டும், அதற்காகவே அங்கே புதைத்திருக்கிறார்கள். மணலுக்குள் பத்திரமாக இருந்ததால் கண்ணாடிப் பதித்த கண்கள்கூட அப்படியே இருக்கின்றன. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

மெரோயே மக்களுக்கு எழுத்து உண்டு. 1911-லேயே கிரிஃபித் என்ற ஆங்கில அறிஞர் அதன் ஒலிகளைக் கண்டுபிடித்துவிட்டார். எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம், அர்த்தம்தான் முக்கால்வாசி புரியாது. இரண்டு மொழியில் எழுதிய நீளமான கல்வெட்டு ஒன்றாவது கிடைத்தால் பூட்டு திறக்கும். அதுவரை குஷ்ஷின் கதையை எகிப்தியரும் கிரேக்கரும் ரோமரும் சொன்னபடிதான் கேட்டாக வேண்டியிருக்கிறது. 1834-ல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் தங்கத்துக்காக மெரோயே பிரமிடுகளின் உச்சியை இடித்துத் தள்ளியது ஒரு பக்கம். 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரில் கார்ட்டூமில் உள்ள தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது இன்னொரு பக்கம்.

அண்டை வீட்டார் கதை சொன்னதால் மங்கிப்போன இன்னொருவர் ஏலாம். இன்றைய ஈரானின் தென்மேற்கில், சூசா நகரை மையமாகக் கொண்டு, மெசபடோமியாவுக்குச் சரிசமமாக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றவர்கள். பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக் கல் எல்லோருக்கும் தெரியும். அது பாபிலோனில் கிடைத்தது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். கிடைத்தது சூசாவில், 1901-ஐ ஒட்டிய பிரெஞ்சு அகழாய்வில். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் மன்னர் ஒருவர் மெசபடோமியாவைச் சூறையாடி, வெற்றிச் சின்னமாக அதைத் தூக்கிவந்திருந்தார். ஊர் என்ற பெரிய சுமேரிய நகரம் கி.மு. 2000-ஐ ஒட்டி வீழ்ந்ததிலும் ஏலாமின் கை உண்டு. சோகா சன்பில் என்ற இடத்தில் இவர்கள் எழுப்பிய படிக்கட்டுக் கோபுரம் ஒரு பக்கம் 105 மீட்டர் நீளம். மெசபடோமியாவுக்கு வெளியே மிஞ்சியிருக்கும் இந்த வகைக் கட்டடங்களில் இதுதான் பேர்போனது.

ஏலாம் என்றதும் தமிழர்கள் காதைத் தீட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏலமிய மொழியும் திராவிட மொழிகளும் ஒரே குடும்பம் என்று டேவிட் மெக்ஆல்பின் என்ற மொழியியலாளர் 1970-களிலிருந்து வாதிட்டார். கேட்க இனிக்கிறது. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் சான்று போதாது என்கிறார்கள். 'தமிழ்தான் ஏலாம், ஏலாம்தான் ஈழம்' என்று வாட்ஸ்அப்பில் ஓடுவதற்கும் மெக்ஆல்பின் சொன்னதற்கும்கூடச் சம்பந்தமில்லை. நேர்கோட்டு ஏலமிய எழுத்து என்ற பழைய வரிவடிவத்தைப் பெருமளவு படித்துவிட்டோம் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சுவா தெசே குழு 2022-ல் அறிவித்தது. மற்றவர்கள் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஏலமியம் இன்னும் தெளிவானால் இந்த உறவுக் கேள்விக்கும் ஏதாவது கிடைக்கலாம்.

மன்னர், போர், கோபுரம் எதுவுமே இல்லாத ஒரு பெரிய ஊர் சாத்தியமா? ருமேனியா, மால்டோவா, உக்ரைன் பகுதியில் கி.மு. 5000-க்கும் 3000-க்கும் இடையே வாழ்ந்த குக்குதேனி-திரிபில்லியா மக்கள் இந்தக் கேள்வியைக் கிளப்புகிறார்கள். உக்ரைனில் தாலியாங்கி என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய ஊர் சுமார் 320 ஹெக்டேர், கிட்டத்தட்ட 800 ஏக்கர். வீடுகள் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, நடுவே காலியிடம். அரண்மனை இல்லை, அரச கல்லறை இல்லை. தரையில் நின்று பார்த்தால் வெறும் உழுத வயல். விமானப் படங்களில் வளையங்கள் தெரிந்து, 1970-களில் காந்த அளவீடு செய்தபிறகே அளவு புரிந்தது. வீடுகளைக் குறிப்பிட்ட காலம் வாழ்ந்துவிட்டு அவர்களே கொளுத்தியிருக்கிறார்கள். அந்தச் சுட்ட மண் காந்தக் கருவியில் பளிச்சென்று தெரிகிறது. இங்கே ஆயிரக்கணக்கானோர் ஆண்டு முழுக்க வாழ்ந்தார்களா, திருவிழா மாதிரி பருவத்துக்கு மட்டும் கூடினார்களா என்று அறிஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். சைல்டின் பட்டியலில் இவர்கள் பாதிகூடத் தேற மாட்டார்கள். அதனால் இவர்களை நாகரிகம் என்று சொல்லாமல் பண்பாடு என்றே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கறார் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

இந்த மாதிரி இடங்களைத் தேடி யூடியூபுக்குப் போனால் பத்து நிமிடத்தில் வேற்றுகிரகவாசிகள் வந்துவிடுவார்கள். அதிகம் அறியப்படாத நாகரிகம் வேறு, சான்றே இல்லாத நாகரிகம் வேறு. கடலுக்குள் போன கண்டங்களையும் கராலையும் ஒரே வீடியோவில் போட்டுக் குழப்புகிறார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி, காலத்தை எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்பது. நாணல், விதை, எலும்பு, சாம்பல் என்று ஒரு பொருளும் அது கிடைத்த மண்ணடுக்கும் பதிலாக வரவேண்டும். 'விஞ்ஞானிகளே திகைத்தனர்' என்று வந்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடலாம்.

வேற்றுகிரகக் கதையில் அதிகம் மாட்டிக்கொள்வது சீனாவின் சிச்சுவானில் உள்ள சான்சிங்துய். கண்விழிகள் குழல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கல முகமூடிகள், நான்கு மீட்டர் உயர வெண்கல மரம், யானைத் தந்தக் குவியல் என்று 1986-ல் இரண்டு குழிகளில் கிடைத்தன. மஞ்சள் நதிக் கரையில் சாங் அரசு நடந்த அதே காலம், ஆனால் கலை முற்றிலும் வேறு, எழுத்தும் இல்லை. ஆகவே விண்கப்பலில் வந்தார்கள் என்று ஒரே போடு! உண்மையில் வெண்கலம் வார்த்த முறை அக்காலச் சீனா முழுக்கத் தெரிந்த அச்சு வார்ப்புதான். 2019 முதல் இன்னும் ஆறு குழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பொருள்களை உடைத்து, எரித்து, அடுக்கிப் புதைத்திருக்கிறார்கள். எட்டாம் குழியில் கிடைத்த, பாம்பு உடலும் மனிதத் தலையும் கொண்ட வெண்கல உருவம் ஒன்றோடு, 1986-ல் இரண்டாம் குழியில் கிடைத்து இத்தனை காலம் தனியாக இருந்த பறவைக்கால் துண்டு பொருந்துவதை 2022-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டு குழிகளும் ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இப்போதைக்கு இதுவே நல்ல சான்று.